ஆறாம் வகுப்பில் நின்ற பையன்!

விடுமுறை முடியப் போகிறது. புதுப் புத்தகப்பை, புது நோட்டு, அட்டை போட பிரவுன் பேப்பர், பெயர் எழுத லேபிள் என்று வீட்டில் ஒரே பரபரப்பாக இருக்கும். புது நோட்டைத் திறந்து மோந்து பார்க்காத பிள்ளை உண்டா?

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன். ஜூன் மாதம் என்றாலே எனக்கு வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வரும். பள்ளி திறந்த அன்று ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். உள்ளேன் ஐயா என்று உற்சாகமாகப் பதில் வரும். ஏதோ ஒரு பெயருக்கு மட்டும் பதில் வராது. மறுபடியும் வாசிப்பேன். கடைசி வரிசையிலிருந்து யாராவது எழுந்து, அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள் சார் என்பார்கள்.

எங்கள் பக்கம் கரிசல் காடு. ஐப்பசி மழை பெய்தால்தான் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும். மழை ஏமாற்றிவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். 1980-களில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்துவிடும். தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்கம் கலையாத கண்களோடு பிள்ளைகள் அதில் ஏறிப் போவார்கள். அன்று முழுவதும் குச்சி அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள்.

அப்படிப் பதில் வராமல் போன ஒரு பெயரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் என் வகுப்பில் படித்தவர் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், எங்கள் ஊருக்கு வடக்கே, சாத்தூரைத் தாண்டி உள்ள விருதுபட்டியில் படித்தவர். ஆறாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுபோனது. ஆனால், தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழி செய்தவர் அவர்தான். யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், பெருந்தலைவர் காமராஜர்!

பிடியரிசிப் பள்ளி

விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர். அங்கே 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மாவோ ராஜா, ராஜா என்று கொஞ்சினார். இரண்டு பெயரும் சேர்ந்து காமராஜ் ஆனது. அவருக்கு நாகம்மாள் என்று ஒரு தங்கை.

அப்பா தேங்காய் வியாபாரம் செய்தார். குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த குடும்பம். காமராஜுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா திடீரென்று இறந்து போனார். அம்மா நகைகளை விற்று, அந்தப் பணத்தில் வந்த சிறு வருமானத்தைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். பாட்டி பார்வதி அம்மாள் பேரன்மேல் உயிரையே வைத்திருந்தார்.

காமராஜ் சேர்ந்த பள்ளி சத்திரிய வித்யாசாலை. அந்தப் பள்ளிக்கு ஒரு விசேஷம் உண்டு. அது அரசாங்கப் பணத்திலோ, ஒரே ஒரு பணக்காரரின் பணத்திலோ நடந்த பள்ளி அல்ல. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய பள்ளி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் எடுத்து வைப்பார்கள். அதை வீடு வீடாகச் சேகரித்து, பள்ளிச் செலவுக்குக் கொடுப்பார்கள். இதற்குப் பிடியரிசி என்று பெயர். ஒரு பிடி அரிசி குறைந்தால் யாருக்கும் வயிறு வாடாது. ஆனால் நூறு வீட்டுப் பிடி சேர்ந்தால் மூட்டை ஆகிவிடும் அல்லவா?

இந்தக் கணக்கு அந்தச் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்!

துணிக்கடையில் ஒரு சிறுவன்

காமராஜ் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது பதினொன்று, பன்னிரண்டு. வீட்டின் கஷ்டம் அதிகமாகிக்கொண்டே போனது. படிப்பை நிறுத்திவிட்டு, தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கூடப் படித்த பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், இவர் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? உங்களில் யாருக்காவது அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால், பள்ளிதான் நின்றதே தவிர, தெரிந்துகொள்ளும் ஆசை நிற்கவில்லை. கடையில் நேரம் கிடைத்தால் செய்தித்தாள் படிப்பார். ஊரில் எங்கே கூட்டம் நடந்தாலும் ஓடிப்போய்க் கேட்பார். அது சுதந்திரப் போராட்டக் காலம். 1919-இல் ஜாலியன் வாலாபாக்கில் ஆங்கிலேய அரசின் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்ற செய்தி அவரை உலுக்கியது. காங்கிரஸ் தொண்டர் ஆனார். பையன் இப்படி அலைகிறானே என்று கவலைப்பட்ட வீட்டார், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் போராட்டத்தில் கலந்துகொண்டார். திரும்ப அழைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை!

1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அதன் பிறகும் பலமுறை சிறை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்! பள்ளியில் படிக்க முடியாததைச் சிறையில் படித்தார். ஆங்கிலப் புத்தகங்களையும் தட்டுத் தடுமாறிப் படித்துப் பழகிக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோட்டைக்குப் போன தொண்டர்

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். பெரிய பட்டங்கள் பெற்ற அதிகாரிகள் அவரிடம் கோப்புகளைக் கொண்டுவந்தார்கள். அவர் கேட்ட கேள்விகள் மிகவும் எளியவை. இந்த ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? இல்லை என்றால் ஏன் இல்லை?

அதற்கு முந்தைய ஆண்டு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய முறை வந்திருந்தது. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று மக்கள் கேட்டார்கள். காமராஜர் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே அந்த முறை கைவிடப்பட்டது.

பிறகு ஒரு குறிக்கோள் வைத்துக்கொண்டார்கள். நடந்து போகும் தூரத்தில், ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி இருக்க வேண்டும். மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி. ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி. (ஒரு மைல் என்பது சுமார் 1.6 கிலோமீட்டர்.) ஒரே ஓர் ஆசிரியரை வைத்தாவது சின்னச் சின்ன ஊர்களில் பள்ளி தொடங்கினார்கள். கட்டடம் இல்லாத இடத்தில் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு ஆசிரியர் வேலையும் கிடைத்தது. இதற்கெல்லாம் உறுதுணையாக இருந்தவர் கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு.

பள்ளி வந்துவிட்டது. பிள்ளைகள் வந்தார்களா? அதுதான் அடுத்த சிக்கல்!

எட்டயபுரத்தில் எரிந்த அடுப்பு

காமராஜர் காரில் போகும்போது, ரயில்வே கேட்டில் வண்டி நின்றதாம். அங்கே ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம், ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். பள்ளிக்குப் போனால் சோறு கிடைக்குமா என்று சிறுவன் திருப்பிக் கேட்டானாம். இந்தக் கதையை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எந்த ஊரில் நடந்தது என்பது இருக்கட்டும். அந்தக் கேள்வியை எங்கள் கரிசல் காட்டில் எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும்.

காமராஜருக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகவே தெரியும். வயிறு காய்ந்தால் பலகையில் எழுத்து தெரியாது. பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டால் என்ன என்று யோசித்தார். இது அதற்கு முன் அறவே நடக்காத காரியம் அல்ல. 1920-களிலேயே சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. சில ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. மாநிலம் முழுவதும் கொடுப்பதென்றால் சாமான்யமா? பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் தயங்கினார்கள்.

அப்போதுதான் பிடியரிசி ஞாபகம் வந்தது! ஊர்மக்கள் பள்ளியையே நடத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட மாட்டார்களா?

1956-ஆம் ஆண்டு. கோவில்பட்டிக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் இருக்கும் எட்டயபுரம். மகாகவி பாரதியார் பிறந்த ஊர். பசியைக் கண்டால் கொதித்துப் போகும் அந்தக் கவிஞரின் ஊரில்தான் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கி வைத்தார். இதைவிட முக்கியமான வேலை தனக்கு இல்லை என்றும், தேவைப்பட்டால் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராக வந்து பிச்சை எடுக்கவும் தயார் என்றும் அங்கே பேசினார். ஒரு முதலமைச்சர் அப்படிச் சொன்னால், ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, பாத்திரம் என்று இயன்றதைக் கொடுத்தார்கள்.

1957 நவம்பரிலிருந்து அரசும் பணம் கொடுத்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்குப் போட்டார்கள். அதில் 6 பைசா அரசாங்கம் தரும். மீதி 4 பைசாவை ஊர் தர வேண்டும். பத்துப் பைசாவில் ஒரு சாப்பாடு!

நானும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன்தான். 1960-களில் கேர் என்ற அமைப்பின் வழியாக அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. எண்ணெய் டின்னின்மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோலப் படம் போட்டிருக்கும். மணி அடித்ததும் அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி என்று பார்க்காமல் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதுவே பெரிய பாடம்.

ஊர் கூடிக் கொடுத்த சீர்

சாப்பாடு ஆயிற்று. பள்ளியில் கரும்பலகை வேண்டாமா? மணி வேண்டாமா? தண்ணீர்ப் பானை வேண்டாமா? 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கடம்பத்தூரில் நடந்தது. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போவதுபோல, மக்கள் பள்ளிக்குச் சீர் கொண்டு வந்தார்கள். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். ஒருவர் கடிகாரம் கொடுத்தார். இன்னொருவர் பள்ளி கட்ட நிலத்தையே எழுதிக் கொடுத்தார். பிறகு ஒவ்வோர் ஊராக இப்படி மாநாடுகள் நடந்தன.

கிழிந்த சட்டை போட்ட பிள்ளை, பட்டுப் பாவாடை போட்ட பிள்ளையின் அருகில் உட்காரக் கூச்சப்படும். அதனால் இல்லாத பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் வேலையும் இதில் சேர்ந்தது. நீங்கள் இப்போது தேய்த்து மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சீருடையின் அர்த்தம் இதுதான்.

கடைசியாகச் சம்பளம். பள்ளிக் கட்டணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம். 1960-இலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை கட்டணம் இல்லை என்று ஆனது. அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். பிளஸ் டூ வந்தது 1978-இல்தான்.

பக்கத்தில் பள்ளி, மதியச் சாப்பாடு, உடுக்கச் சீருடை, கட்டணம் இல்லாத படிப்பு. ஒரு சிறுவனை ஆறாம் வகுப்பில் நிறுத்திய காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அவர் பெரியவர் ஆனதும் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கியிருக்கிறார்!

1957-லும் 1962-லும் அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி, எங்கள் பக்கத்து ஊரான சாத்தூர். 1963 அக்டோபர் 2-ஆம் தேதி, கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தானே விட்டு விலகினார். பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். லால் பகதூர் சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு பொதுவாழ்வைத் தொடர்ந்தார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று சென்னையில் காலமானார். கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். 1976-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த ஜூலை 15-ஐ 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடினார்கள்.

அவர் ஏற்றிய அடுப்பு அணையவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 1995-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்குமான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டமும் வந்தது.

சிவப்பு மையால் அடிக்காத பெயர்

பதில் வராத அந்தப் பெயருக்கு வருகிறேன். கணக்கில் கெட்டிக்காரச் சிறுமி அவள். பல நாள் வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவது வழக்கம். எனக்குக் கை வரவில்லை. ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மகளின் கூலி வந்தால்தான் ராத்திரிக்கு அரிசி வாங்க முடியும் என்றார். அதில் பொய் இல்லை.

நான் காமராஜர் போட்ட கணக்கையே போட்டேன். பள்ளிக்கு வந்தால் மதியச் சாப்பாடு வீட்டுக்கு மிச்சம். சீருடையும் புத்தகமும் இலவசம். வெயிலிலும் மருந்து வாடையிலும் பிள்ளையின் உடம்பு கெடாது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. ஒட்டின பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் தட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் வாசித்தபோது அவள் சொன்ன உள்ளேன் ஐயா இன்னும் என் காதில் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெட்டி ஒட்டினாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வருஷப் படிப்பை முடித்துவிட்டாள்.

எல்லாரும் அப்படித் திரும்பி வரவில்லை குட்டீஸ். எத்தனை முறை வீட்டுக்குப் போயும் வராமலே போனவர்கள் உண்டு. அவர்கள் பெயர்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 6 முதல் 14 வயது வரை படிப்பு ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. இருந்தாலும் வகுப்பில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால், அதை முதலில் பார்க்கப் போவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்!

பள்ளி திறப்பதற்குள்...

* இன்றிலிருந்தே இரவு சீக்கிரம் தூங்கி, காலையில் சீக்கிரம் எழுந்து பழகுங்கள். முதல் நாள் கொட்டாவி வராது!

* போன வருஷ நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்தால், கணக்குப் போட ஒரு ரஃப் நோட்டு தயார்.

* உங்களுக்குச் சின்னதாகிப்போன சீருடை, பழைய அட்லஸ், ஜியோமெட்ரி பாக்ஸ் நன்றாக இருந்தால், துவைத்துத் துடைத்து வையுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைக்கு ஆகும். இதுதான் உங்கள் பிடியரிசி!

* போன வருஷம் புரியாமல் போன ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். வெட்கப்படாமல் அக்காவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள்.

* முதல் வாரத்தில் உங்கள் நண்பன் வரவில்லையா? அவன் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசலாம். அது கோள் சொல்வது ஆகாது.

ஜூன் மாதம் உங்கள் ஆசிரியர் பெயர் வாசிக்கும்போது உரக்கப் பதில் சொல்லுங்கள். பிறகு, எல்லாப் பெயருக்கும் பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். புது வகுப்புக்கு என் வாழ்த்துகள்!